படகும் பாட்டரியும்

அமெரிக்காவில், டெக்ஸஸ் மாநிலத்து ஃபோர்க் ஏரியில், பட்ட மரங்கள் பல நீருக்குள் நிற்கின்றன. பாஸ் மீன் அவற்றின் நிழலை நாடும். தூண்டிற்காரரும் அங்கேதான் செல்லவேண்டும். அவ்விடத்தில் பெரிய எஞ்சினை வேகமாக ஓட்டுதல் ஆபத்து. படகின் முகப்பிலுள்ள சிறிய மின்மோட்டாரே துணை.

ஒரு மாலை, காற்று எழுந்த வேளையில், என் மோட்டார் சோர்ந்தது. படகு மரங்களில் மோதியது. துடுப்பு வலித்தே மீண்டேன். குற்றம் மோட்டாருடையதன்று, ஈயப் பாட்டரிகளுடையது. மின்சாரம் செலவாகச் செலவாக அவற்றின் வோல்ட்டும் குறையும். பாதிக்குமேல் செலவிட்டுக்கொண்டே இருந்தால் ஆயுளும் குறையும்.

லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரியோ ஏறக்குறைய இறுதிவரை ஒரே வலிமையுடன் உழைக்கும். 1990களில் இதன் தகுதியைக் கண்டறிந்ததும் அதே டெக்ஸஸில்தான். ஆஸ்டின் நகரில், பிற்பாடு 2019இல் நோபல் பரிசு பெற்ற குடினஃப் அவர்களின் ஆய்வுக்கூடத்தில்.

என் 36 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட் பாட்டரிகள் மூன்று வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி சுமார் 30 கிலோ. லித்தியம் அதில் பாதியும் இல்லை.

ஆயினும் பாட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. மின்னேற்றும் கருவியும் லித்தியத்துக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். மூன்றும் ஒரே வகையாய், தொடராக இணைக்கத் தக்கனவாய் இருக்கவேண்டும். நீர் உறையும் குளிரில் மின்னேற்றலாகாது.

இன்னொன்று: ஈயம் சோர்ந்து எச்சரிக்கும், லித்தியமோ திடீரென நின்றுவிடும். ஆதலால் மிச்சத்தைக் காட்டும் அளவி ஒன்றும் பொருத்தினேன். துடுப்பை மட்டும் இன்றும் இறக்கவில்லை.