பாலத்தின் காலைப் பாருங்கள்

நமது சங்க உறுப்பினர்கள் சரக்கு வந்து இறங்கியதும் எடை பார்ப்போம், தரம் பார்ப்போம். அது வரும் வழியில் இருக்கும் பாலத்தை யாரும் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

திருச்சிக்கு பைபாஸ் வருவதற்கு முன்பு, பெரம்பலூர் சின்ன வெங்காயம் ஏற்றி திருச்சி, கரூர் வழியாகத் திருப்பூர் வரும் லாரிகள் கொள்ளிடத்தைக் கடந்தது பழைய இரும்புப் பாலத்தில்தான். 1928-ல், வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. அதன் பக்கத்திலேயே புதுப்பாலம் கட்டி, 2016-ல் போக்குவரத்தை அதற்கு மாற்றினார்கள். "பழசே நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இந்தச் செலவு?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

2018 ஜூலையில் மேட்டூர் அணை 120 அடி நிரம்பியது. உபரி நீர் கொள்ளிடத்தில் பாய்ந்தது. ஆகஸ்டில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்து, மேலிருந்த இரும்புச் சட்டமும் ஆற்றில் விழுந்தது. பக்கத்தில் புதுப்பாலம் இருந்ததால் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மகாராஷ்டிரத்தில் மகாட் ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மும்பை - கோவா நெடுஞ்சாலையில் சாவித்திரி ஆற்றின் பழைய கல்பாலம் 2016 ஆகஸ்ட் 2 இரவில் வெள்ளத்தில் போனது. இரண்டு அரசு பஸ்கள் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த ஆண்டே புதுப்பாலம் வந்துவிட்டது. போன உயிர்கள் வருமா?

மேலே தார் பளபளவென்று இருக்கும். வெள்ளம் தூணைச் சுற்றியுள்ள மணலை அரிக்கும். மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமான இடத்தில் தூணின் அடி சீக்கிரம் வெளியே தெரியும். தண்ணீர் வற்றிய மாதங்களில்தான் அதைக் கண்ணால் பார்க்க முடியும்.

நம் பங்கும் உண்டு. வாடகையை மிச்சம் பிடிக்க அளவுக்கு மேல் மூட்டை ஏற்றச் சொல்வது யார்? நான் சொல்லியிருக்கிறேன். டிரைவர் முணுமுணுத்தாலும் ஏற்றுவார்.

ஆகவே நொய்யல் பாலங்களைப் பற்றி நெடுஞ்சாலைத் துறையிடம் சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும்: தூண்களைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், எத்தனை டன் தாங்கும், புதுப்பாலம் கட்டும்போது லாரிகள் எந்த வழியாகப் போகும். தீபாவளிச் சரக்கு புரட்டாசியிலேயே வர ஆரம்பித்துவிடும். மனு ஆடிக்குள் போய்ச் சேர வேண்டும்.