நீலகிரி வேட்டை: மரபும் சட்டமும்

நீலகிரி வேட்டை என்பது ஏறத்தாழ 1820 முதல் 1972 வரை நீலகிரி மலையில் நடைபெற்ற துப்பாக்கி வேட்டையைக் குறிக்கும். ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள், ஆட்சியர்கள், காப்பி, தேயிலைத் தோட்ட உரிமையாளர்கள், பின்னாளில் வசதி படைத்த இந்தியர்கள் ஆகியோர் இதில் ஈடுபட்டனர். கொன்ற விலங்கைப் பற்றி எழுதுவதும், அதன் கொம்பை அளந்து குறித்து வைப்பதும், மாலையில் கூடிப் பேசுவதும் இவர்களுடைய வேட்டையின் பகுதிகளாகவே இருந்தன. விலங்குகள் குறைந்துவருவதை முதலில் உணர்ந்தவர்களும் இவர்களே. தம் வேட்டையைக் காப்பாற்றிக்கொள்ள இவர்கள் உருவாக்கிய சட்டம் பின்னர் காட்டுயிர்ப் பாதுகாப்பின் தொடக்கங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. அதே சட்டம், அவர்களுக்கு வழிகாட்டிய பழங்குடிகளின் வேட்டையைக் குற்றமாக்கியது.

துப்பாக்கிக்கு முன்

மலையில் வேட்டை ஆங்கிலேயர் வருகைக்கு மிக முந்தியது. கீழ்க்கோத்தகிரிப் பகுதியில் கரிக்கையூரை ஒட்டிய பொரிவரைப் பாறை ஓவியங்களில் விலங்குக் கூட்டங்களும் மனித உருவங்களும் வரையப்பட்டுள்ளன. மலைச்சரிவுகளில் வாழ்ந்த குறும்பர், இருளர், கூடலூர்ப் பக்கத்துக் காட்டுநாயக்கர் ஆகியோர் தேன், கிழங்கு எடுப்பதோடு கண்ணி, வலை, பொறி கொண்டு சிறு விலங்குகளையும் பிடித்தனர். உச்சிப் புல்வெளிகளில் எருமை மேய்த்த தோதவர் (தோடர்) வேட்டையாடுவதில்லை, இறைச்சியையும் பொதுவாக உண்பதில்லை. புலியும் கடமானும் அவர்களுடைய எருமைகளோடு ஒரே புல்வெளியில் காலம் தள்ளின. மலையின் மக்களெல்லாம் வேட்டைக் குடிகள் என்று பல நூல்கள் போகிறபோக்கில் எழுதிவிடுவதால் இதைத் தனியே சொல்லவேண்டியிருக்கிறது.

1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகமண்டலம் வெள்ளையர்களின் ஓய்வூராக வளர்ந்தது. சமவெளியின் வெயிலுக்குத் தப்பி வந்த அதிகாரிகளுக்கு இங்கிலாந்தின் குன்றுகளைப் போன்ற புல்வெளியும், மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடும், கையெட்டும் தூரத்தில் விலங்குகளும் கிடைத்தன. விடுமுறையில் வந்தவர்கள் வேட்டையில்தான் பொழுதைக் கழித்தார்கள்.

களமும் முறையும்

உச்சிப் பீடபூமியில் முதன்மையான இலக்கு கடமான். பகலில் அது சோலைக்குள் படுத்திருக்கும். ஆட்களும் நாய்களும் ஒருபுறமிருந்து கூச்சலிட்டுக் காட்டைக் கலைக்க, மறுபுறம் துப்பாக்கியோடு நிற்பவர் வெளியே பாயும் மானைச் சுடுவார். குளிர்காலத்தில் இமயப் பகுதியிலிருந்து வலசை வரும் வுட்காக் பறவையைச் சோலை ஓரங்களில் தேடுவது இன்னொரு பொழுதுபோக்கு. அந்த ஆண்டின் முதல் வுட்காக்கை யார் சுட்டார் என்பது ஊட்டியில் செய்தி. சாம்பல் காட்டுக்கோழியும் தப்பவில்லை. அதன் கழுத்து இறகு தூண்டில் முள்ளில் கட்டும் செயற்கைப் பூச்சிகளுக்காக மேலைநாடுகளில் விரும்பப்பட்டது. பீடபூமிக்கு வடக்கே சீகூர், முதுமலைக் காடுகளும் மேற்கே வயநாட்டுச் சரிவும் காட்டுமாடு, புலி, யானை ஆகியவற்றின் இடங்கள். அங்கே மரத்தில் பரண் கட்டி, கீழே எருமைக் கிடாவைக் கட்டிப் புலிக்குக் காத்திருப்பது வழக்கம்.

ஆயினும் நீலகிரி வேட்டைக்காரர் மிகவும் பெருமையாகப் பேசியது வரையாட்டைத்தான். சங்க இலக்கியம் வருடை என்று சொல்லும் விலங்கு இதுவே. ஆங்கிலேயர் இதை ஐபெக்ஸ் என்று அழைத்தது பிழை. இது ஐபெக்ஸ் இனம் அல்ல. 2005இல் வெளியான மரபணு ஆய்வு இதை இமயமலைத் தாரிலிருந்தும் பிரித்துத் தனிப் பேரினமாக்கியது. செம்மறி ஆடுகளோடு இதற்கு நெருக்கமான உறவு உண்டு என்றும் அந்த ஆய்வு காட்டியது.

வரையாடு மேற்கு விளிம்பின் செங்குத்துப் பாறைகளை ஒட்டிய புல்லில் மேயும். கூட்டம் மேயும்போது ஓரிரு பெண் ஆடுகள் உயரமான இடத்தில் நின்று காவல் பார்க்கும். ஆபத்து கீழிருந்து வரும் என்பதே அதன் எதிர்பார்ப்பு, அதனால் பார்வையும் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். இதைக் கற்றுக்கொண்ட வேட்டைக்காரர்கள் விடியுமுன் கூடாரத்தை விட்டுப் புறப்பட்டு, சுற்றுவழியாக மேலேறி, காற்று தம் முகத்தில் அடிக்கும்படி பார்த்துக்கொண்டு இறங்கினர். மேற்கு விளிம்பில் மூடுபனி சில நிமிடங்களில் ஏறி அனைத்தையும் மறைத்துவிடும். மணிக்கணக்கில் புல்லில் படுத்திருந்து, பனி விலகும்போது ஆடு போய்விட்டதைக் காண்பது சாதாரணம். வயது முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய பட்டை தோன்றும். இதனால் அதற்குச் 'சேடில்பேக்' என்று பெயர். எல்லோரும் தேடியது இந்த முதிர்ந்த கிடாவைத்தான். சுட்டபின் அது பள்ளத்தில் விழுந்து, எடுக்க முடியாமல் போவதும் உண்டு.

இவற்றோடு ஒப்பிட 'ஊட்டி ஹண்ட்' வேறு வகை. வரவழைத்த வேட்டைநாய்களோடு குதிரையில் துரத்துவதே அதன் முறை. இங்கிலாந்தில் துரத்தப்படும் செந்நரி இங்கே கிடையாது என்பதால் ஊளையிடும் நம்மூர் நரியையே துரத்தினர். 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் வழங்கும் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியே அதன் களம்.

எழுதப்பட்ட வேட்டை

ஊட்டியிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழில் 'ஹாக்ஐ' என்ற புனைபெயரில் எழுதப்பட்ட வேட்டைக் கடிதங்கள் 1876இல் நூலாயின. ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள் 1892இல் வெளிவந்தன. நீலகிரி, வயநாட்டு வேட்டை பற்றி எஃப். டபிள்யூ. எஃப். ஃப்ளெட்சர் எழுதிய நூல் 1911இல் வந்தது. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட ஆட்கொல்லிகள் பற்றிய நூலில் சீகூர்ப் புலிக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு.

இவற்றில் தற்பெருமை நிறைய. எனினும் இன்று இந்நூல்களை ஒதுக்கிவிட முடியாது. எந்தச் சோலையில் எந்த மாதத்தில் எந்த விலங்கு இருந்தது, கொம்பு எவ்வளவு நீளம், கூட்டம் எத்தனை என்பவை நாள்வாரியாக அவற்றில் உள்ளன. அக்கால நீலகிரியின் விலங்குகளைப் பற்றி ஆய்வாளருக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி, அவற்றைக் கொன்றவர்கள் எழுதியது.

சங்கமும் சட்டமும்

1870களில் இந்தக் குறிப்புகளில் புலம்பல் கேட்கத் தொடங்குகிறது. காப்பி, தேயிலை, சிங்கோனா தோட்டங்களுக்காகச் சோலைகள் அழிந்தன. விடுமுறைக்கு வந்தவர்கள் ஆண், பெண், குட்டி என்ற வேறுபாடில்லாமல் சுட்டார்கள். சந்தையில் விற்பதற்காகவும் இறைச்சி வேட்டை நடந்தது. 1877இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சங்கம் உருவானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தோன்றியது 1883இல் என்பதை நினைத்தால் இதன் பழமை புரியும். சங்கத்தின் முயற்சியைத் தொடர்ந்து, சென்னை மாகாண அரசு 1879ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமாக நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. யானைகளைக் காக்க 1873இலேயே அதே மாகாணத்தில் தனிச் சட்டம் வந்திருந்தது.

1879 சட்டம் காட்டுமாடு, கடமான், வரையாடு, கேளையாடு, முயல், காட்டுக்கோழி போன்றவற்றை 'வேட்டை விலங்கு' என வகுத்து, அவற்றைக் கொல்லக் கூடாத மாதங்களை அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. பின்னர் உரிமக் கட்டணமும் பிற கட்டுப்பாடுகளும் வந்தன. மீன் பிரிவும் பெயரளவில் இருக்கவில்லை. ஹெச். சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகத்தை நிறுவினார். ஆறுகளில் டிரவுட் பிடிப்பது மலையின் இன்னொரு பொழுதுபோக்காக வளர்ந்தது.

யாருக்காக இந்தப் பாதுகாப்பு என்பது பட்டியலில் இல்லாத விலங்குகளைப் பார்த்தால் தெரியும். புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவை மானைத் தின்னும் போட்டியாளர்கள். அவை தீங்கு விலங்குகளாகக் கருதப்பட்டன. அவற்றைக் கொன்றால் பரிசுப் பணம் கிடைத்தது. வேட்டைக்காரருக்கு மான் மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். அதனால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. வரையாடு இம்மலையில் முற்றாக மறைந்துபோகாததற்கு இந்தச் சட்டமும் சங்கத்தின் காவலும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

வழிகாட்டியும் 'திருடனும்'

வேட்டை நூல்களில் 'ஷிகாரி' என்றொருவர் எப்போதும் இருப்பார். தடம் பார்த்து, இது நேற்று இரவு போனது, இது இப்போதுதான் போனது என்று சொல்பவர் அவர். புல் மடிந்திருக்கும் விதம், சாணத்தின் ஈரம், லங்கூர் குரங்கின் எச்சரிக்கைக் குரல் ஆகியவற்றிலிருந்து அவர் விலங்கின் இடத்தைக் கணிப்பார். பெரும்பாலும் குறும்பராகவோ இருளராகவோ இருந்த இவருடைய பெயர் பல நூல்களில் பதிவாகவே இல்லை. இவர் கண்டுபிடித்தார், துரை சுட்டார். கொம்பு மட்டும் துரையின் வீட்டுச் சுவரில் ஏறியது.

சட்டம் வந்தபின் இதே மனிதர் தன் வீட்டுக்காகக் கண்ணி வைத்தால் திருட்டு வேட்டைக்காரர். உரிமக் கட்டணம் அவர் கைக்கு எட்டாதது. விதிகள் எழுதப்பட்ட மொழி அவர் அறியாதது. பொழுதுபோக்குக்காகக் கொல்வது கண்ணியமான விளையாட்டு, பசிக்காகக் கொல்வது இழிவு என்ற இங்கிலாந்துப் பெருநிலக்கிழார்களின் வழக்கம் அப்படியே மலையில் இறக்கப்பட்டது. இதில் ஆண்டர்சன் சற்று விலகி நிற்கிறார். சேலம் பக்கத்துக் காடுகளில் தனக்குத் தடம் காட்டிய பைரா என்ற பழங்குடி வேட்டைக்காரரை அவர் பெயர் சொல்லி, நண்பராகவே எழுதினார். பைராவும் அரசின் பார்வையில் திருட்டு வேட்டைக்காரர்தான்.

இந்தப் பிரிவு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, மேய்ச்சல் எனப் பழங்குடிகளின் பல மரபுரிமைகளை ஏற்கிறது. வேட்டையாடுதலையும் பொறி வைத்தலையும் மட்டும் பெயர் குறிப்பிட்டு விலக்குகிறது. இன்றைய நிலையில் அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் விலங்குகள் குறைந்ததற்குப் பெரும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அந்த விலக்கில் இடம்பெறவில்லை. நாட்டுத் துப்பாக்கியும் அவுட்டுக்காயும் கொண்டு இன்று நடக்கும் இறைச்சி வணிக வேட்டை வேறு. அதைப் பழங்குடி மரபோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

தடைக்குப் பின்

1940இல் முதுமலை சரணாலயமானது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெருமளவு நிறுத்தியது. 1991இல் செய்த திருத்தம் எஞ்சிய உரிம வேட்டைக்கும் முடிவு கட்டியது. வேட்டைச் சங்கம் பெயர் மாறி, இன்று நீலகிரி காட்டுயிர், சுற்றுச்சூழல் சங்கமாக இயங்குகிறது. குன்னூர் வழக்கறிஞர் ஈ. ஆர். சி. டேவிதார் வரையாடுகளைத் துப்பாக்கியின்றி எண்ணத் தொடங்கினார். அவருடைய 1975ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இவ்வினம் பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று. அவர் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்காவானது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது.

துப்பாக்கி ஓய்ந்தபோதும் வரையாட்டின் நிலம் சுருங்கிக்கொண்டே இருந்தது. புல்வெளிகளில் சீகை, பைன், தைல மரங்கள் நடப்பட்டன. பைக்காரா, குந்தா மின்திட்டங்களின் நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குகளை மூடின. எந்த மாதத்தில் சுடலாம் என்று வரையறுத்த பழைய சட்டத்தில், புல்வெளியை என்ன செய்யலாம் என்று ஒரு வரியும் இருக்கவில்லை. துரத்தப்பட்ட மானைவிட மரம் நடப்பட்ட புல்வெளிதான் பெரிய இழப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. மான் பெருகக்கூடும், சீகை பரவிய இடத்தில் புல்லை மீட்பது கடினம்.

மறுபுறம், குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் இப்போது காட்டுமாடுகள் பகலிலேயே மேய்கின்றன. கரடிகள் வீடுகளுக்குள் நுழைகின்றன. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பகுதியில் மூவரைக் கொன்ற புலி சுட்டுக் கொல்லப்பட்டது. 2021இல் கூடலூர், மசினகுடி பகுதியில் நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி23 என்ற புலியை உயிருடன் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை சென்றது. ட்ரோன், மோப்ப நாய், கும்கி யானை எனப் பலவும் இறக்கப்பட்ட மூன்று வாரத் தேடலுக்குப்பின், அக்டோபர் 15 அன்று அது மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டு மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. புதருக்குள் அதன் தடத்தைப் பின்தொடர்ந்தவர்களில் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வேலை பார்க்கும் பழங்குடிகளும் இருந்தார்கள்.