செம்பனைக் காட்டில் தேன் உண்டா?

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஒருகாலத்தில் ரப்பர் மிகுதி. இன்று செம்பனையே மிகுதி. தேனீ வளர்ப்போருக்கு இம்மாற்றம் சிறிதன்று.

ரப்பர் மரத்தின் இலைக்காம்பு நுனியில், மூன்று சிற்றிலைகள் கூடுமிடத்தில், தேன்சுரப்பிகள் உள்ளன. தளிர் விடுங்கால் அவை இனிய நீரைச் சுரக்கும். தமிழகத்தில் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதித் தேனுக்குப் பெரிதும் மூலம் இதுவே.

செம்பனைப் பூவோ மகரந்தம் தரும், தேன் தராது. அதன் மகரந்தச் சேர்க்கைக்கு, 1981இல் கமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொணரப்பட்ட சிறு வண்டே பெருந்துணை.

ஆகவே, தேனீப்பெட்டி வைத்துத் துணைவருவாய் தேடும் தோட்டக் குடும்பம், வீட்டருகே தென்னை, முருங்கை, பழமரங்களை முதலில் வளர்த்தல் வேண்டும். தென்னை ஆண்டு முழுதும் பூப்பது. தேனீக்கு உணவு குறையாது. தேனீ நாடும் மரங்கள் காய்ப்பிலும் சிறக்கும். பெட்டிக்கு முந்தியது மரமே.