நடுவில் ஒளிந்திருக்கும் அந்த ஒரு வரி

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தென்காசி, செங்கோட்டை வட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கணினி வந்தது. அந்தத் தொடக்கக் காலக் கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய அதற்கு அடித்தளம், 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் லினக்ஸ்.

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் ஏறக்குறைய 70,000 பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொதிகள். மூல நிரலைக் கம்பைல் செய்து, நாம் நிறுவிக்கொள்ளும் கோப்பாக்கும் வேலைக்கு ‘பில்டு’ என்று பெயர். எழுதியவர் கணினியில் ஒழுங்காக முடிகிற பில்டு, டெபியன் சர்வருக்குப் போனதும் ஃபெயில் ஆவது அன்றாடக் கதை. பிரானூர் பார்டர் பரோட்டா மாஸ்டர், கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கிற எண்ணெயைக் குறிப்பில் எழுத மறந்துவிட்டு, அந்தக் குறிப்பை வெறும் அடுக்களைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? சர்வரும் வெறும் அடுக்களைதான். பேக்கேஜோடு வரும் தேவைப் பட்டியலில் எழுதியதை மட்டுமே அது இறக்கிக்கொள்ளும்.

ஃபெயிலான பில்டின் லாக், அதாவது வேலைப் பதிவு, ஆயிரக்கணக்கான வரிகளுக்கு ஓடும். கடைசியில் ‘எரர் 2’ என்று நிற்கும். புதியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தேடுவார்கள். அதில் ஒன்றும் கிடைக்காது. மேலே ஏறிப்போய் முதல் பிழையைப் பார்க்க வேண்டும். அங்கே, ‘இசட்லிப்.எச் என்ற கோப்பு இல்லை’ என்று இருக்கும். தரவைச் சுருக்கும் நூலகமான இசட்லிப்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் டெபியன் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: நிரல் ஓடத் தேவையானது ஒரு பேக்கேஜில், கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்பு ‘டெவ்’ என்று முடியும் இன்னொன்றில். அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்த்தால் வேலை முடிந்தது.

எல்லாம் இவ்வளவு சுலபமில்லை. 2024 மே மாதம் ஜிசிசி 14 கம்பைலர் வந்தபோது, பல வருடமாக யாரும் தொடாத சி நிரல்கள்கூட ஃபெயில் ஆயின. அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரமே நீக்கிவிட்டது. ஜிசிசி அதுவரை எச்சரிக்கையோடு விட்டுவந்தது, இப்போது பிழையாக்கியது. ஒரு ஆப்ஷன் கொடுத்து அதன் வாயை அடைக்கலாம்; அது தப்பான வைத்தியம். அறிவிக்காத ஃபங்ஷன் முழு எண்ணைத்தான் திருப்பித் தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். வருவது நினைவக முகவரி என்றால், 64 பிட் கணினியில் அதன் பாதி வெட்டுப்படும். பேக்கேஜ் பில்டு ஆகிவிடும், பயன்படுத்துபவர் கையில் செயலிழந்துவிடும். அந்த ஃபங்ஷனை அறிவிக்கும், விட்டுப்போன ஹெடரைச் சேர்ப்பதே சரி.

மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்தபின் நிரல் எழுதுவது தென்காசிப் பக்கம் புதிதல்ல. இந்தப் பழுது பார்க்கும் வேலைக்கும் இங்கிருந்து ஆட்கள் வர வேண்டும். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் மினி மாநாடு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதன் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. பில்டு ஆகாத பேக்கேஜை டெபியன் கடுமையான பிழையாகப் பதிவு செய்கிறது. சரிசெய்யாவிட்டால் அடுத்த வெளியீட்டில் அதற்கு இடமில்லாமல் போகலாம். திருத்தம் அனுப்ப உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. பிழை எண்ணுக்குரிய முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.