புதுக் காலணி கடிக்காமல் இருக்க வேண்டுமா?

புதிய செருப்போ ஷூவோ வாங்கினால் முதல் நாலு நாள் கடிக்கத்தான் செய்யும், போகப் போகச் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. மெல்லிய தோல் செருப்புக்கு இது ஓரளவு பொருந்தும். தொழிற்சாலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் போடுகிற கனத்த தோல் பூட்ஸுக்கு இதை நம்பி நடந்தால், முதல் வாரத்திலேயே குதிகாலில் கொப்புளம் கண்டு வீட்டில் உட்கார வேண்டிவரும்.

நமது அறக்கட்டளையின் உதவியோடு தொழிற்பயிற்சி முடித்து உள்ளூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலையில் சேரும் பிள்ளைகள், முதல் மாதத்தில் நம்மிடம் அடிக்கடி சொல்லும் குறை கால் வலிதான். தினக்கூலிக்குச் சேர்ந்த பிள்ளைக்கு மூன்று நாள் நடக்க முடியாமல் போனால் மூன்று நாள் கூலி போயிற்று. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கோ அதே கொப்புளம் ஆறாப் புண்ணாகி, காலையே இழக்கும் நிலைவரை கொண்டுபோய் விடக்கூடும். இரண்டையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதற்கான வழிகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கொப்புளம் எப்படி உண்டாகிறது?

ஒரு விரலைப் புறங்கையின் மேல் அழுத்தி வைத்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். மேல்தோல் விரலோடு சேர்ந்து நகரும். உள்ளே எலும்பு அப்படியே இருக்கும். இடையில் உள்ள தோலடுக்குகள்தான் இழுபடுகின்றன. நடக்கும்போது குதிகாலில் நடப்பதும் இதுவே. தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்குகிறது. ஆயிரக்கணக்கான அடிகளில் மேல்தோலின் அடுக்குகளுக்கு இடையே கிழிசல் உண்டாகி, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. அதுவே கொப்புளம்.

இதற்கு அழுத்தம், திரும்பத் திரும்ப இழுபடுதல், ஈரம் ஆகிய மூன்றும் துணைசெய்கின்றன. நன்றாக உலர்ந்த தோல் வழுக்கும். பாதி ஈரமாகப் பிசுபிசுக்கும் தோல்தான் மிக அதிகமாக ஒட்டிக்கொள்ளும். வியர்த்த காலில் கொப்புளம் சீக்கிரம் வருவது அதனால்தான்.

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடத்தில் 'சுரீர்' என்று ஒரு சூடு தெரியும். அப்போதே நின்று காலணியைக் கழற்றிக் கவனித்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். 'இன்னும் கொஞ்ச நேரம்தானே' என்று பொறுத்துக்கொண்டு நடப்பவருக்குத்தான் கொப்புளம் வருகிறது.

தோல் எப்படி இளகுகிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்து மக்களுக்குத் தோலைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பு ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். இன்று ஷூவின் மேற்பகுதிக்குப் பெரும்பாலும் குரோம் தோல்தான். எப்படிப் பதனிட்டாலும் தோல் என்பது நுண்ணிய நார்கள் பின்னிக் கிடக்கும் பாய் போன்றது. புதுத் தோலில் அந்த நார்கள் விறைத்து நிற்கின்றன. காலின் சூடும் சிறிதளவு ஈரமும் பட்டு, ஒவ்வோர் அடிக்கும் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி நிமிரும்போது அவை அந்தக் காலுக்கு ஏற்ப நெகிழ்ந்து கொடுக்கின்றன. இதற்குக் காலம் தேவை. கனத்த பூட்ஸுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

ஆனால் காலணியில் எல்லாப் பகுதியும் இளகாது. பாதுகாப்பு பூட்ஸின் முனையில் உள்ள இரும்புக் கவசம், 200 ஜூல் அளவு மோதலைத் தாங்கும்படி செய்யப்படுவது. எத்தனை மாதம் போட்டாலும் அது விரியாது. குதிகாலைச் சுற்றித் தோலுக்குள் வைத்துத் தைத்திருக்கும் விறைப்பான கவுண்டரும் சிறிதளவே இளகும். அகலத்தில் தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. ஆகவே கடையில் விரல் முட்டுகிற ஷூ, ஒரு வருடம் கழித்தும் முட்டத்தான் செய்யும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மாலை நேரத்தில் வாங்குங்கள். பகல் முழுதும் நின்று நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் இறுக்கும்.

2. இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவையே எடுக்க வேண்டும்.

3. வேலைக்கு எந்த சாக்ஸ் போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள்.

4. எழுந்து நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 1 செ.மீ. இடம் இருக்கட்டும். இரும்பு முனை உள்ள பூட்ஸில் வெளியிலிருந்து அழுத்திப் பார்க்க முடியாது. நாடாவைக் கட்டாமல் காலை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

5. நாடாவை இறுக்கிக் கட்டிக் கடைக்குள் நடந்து பாருங்கள். குதிகால் நன்றாக ஏறி இறங்கினால் அந்த ஷூ வேண்டாம்.

நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 8, இன்னொரு கம்பெனியின் 8 போல இருப்பதில்லை. ஊரிலிருக்கும் மகனுக்கு நம்பரைக் கேட்டு வாங்கி அனுப்புவதைவிட, அவரே போட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது.

முதல் இரண்டு வாரம்

வேலையில் சேரும் தேதி தெரிந்தவுடனே பூட்ஸை வாங்கிவிடுங்கள். முந்தின நாள் வாங்கி, மறுநாள் எட்டு மணி நேரம் போட்டுக்கொண்டு நிற்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். உம்ராவுக்குப் புறப்படும் பெரியவர்கள் புத்தம்புதுச் செருப்போடு பயணம் கிளம்புவதும் இதே போன்றதுதான்.

முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டு நடந்தால் போதும். தரை சுத்தமாக இருந்தால், அளவு சரியில்லை என்று தெரிந்தாலும் கடையில் மாற்றிக்கொள்ளலாம். பிறகு ஒரு மணி, இரண்டு மணி என்று நாளுக்கு நாள் கூட்டுங்கள். நான்கைந்து நாள் கழித்துக் கடைத்தெருவுக்குப் போய்வரப் போடுங்கள். மாடிப்படி ஏறி இறங்கினால் பாதம் மடங்கும் இடத்தில் தோல் நன்றாக நெகிழும். ஒவ்வொரு முறை கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். எங்கே சிவந்திருக்கிறதோ அங்கேதான் பிறகு கொப்புளம் வரும்.

அப்படிச் சிவக்கும் இடத்தில், மறுநாள் காலணி போடுவதற்கு முன்பே, மருந்துக் கடையில் கிடைக்கும் காகித சர்ஜிகல் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுங்கள். மிக நீண்ட தூரம் ஓடும் 128 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மலிவான டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் கணிசமாகக் குறைந்தது தெரியவந்தது. வாசலின் தடவுவதும் உதவும். ஆனால் நேரம் ஆக ஆக அதன் வழுவழுப்புப் போய்விடும் என்பதால் நாள் முழுதும் அதை நம்பியிருக்க முடியாது.

நாடா கட்டுவதிலும் கவனம் வேண்டும். விரல் பக்கம் சற்றுத் தளர்வாகவும், கணுக்கால் மடிப்பில் இறுக்கமாகவும் கட்டினால் குதிகால் ஏறி இறங்காது. பலர் கழற்றி மாட்டச் சோம்பிக்கொண்டு நாடாவைத் தளரவிட்டே போடுகிறார்கள். குதிகால் உரசுவது அதனால்தான்.

செய்யக் கூடாதவை

காலணியைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடுவது, அடுப்பருகிலோ மொட்டைமாடி வெயிலிலோ வைப்பது, தண்ணீர் நிரப்பிய பையை உள்ளே வைத்து ஃப்ரீசரில் வைப்பது என்று பல யோசனைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ஊறினால் ஒட்டுப் பசை விடும். சூட்டில் காய்ந்த தோல் விறைத்து வெடிக்கும். பனிக்கட்டி விரிந்தால் தையல் தெறிக்கும். பாதுகாப்புக்கென்று வாங்கிய பூட்ஸை இப்படிப் பலவீனப்படுத்துவது, காலுக்கு வேறோர் ஆபத்தைத் தேடிக்கொள்வதாகும்.

தேங்காய் எண்ணெய் தடவும் நம் வழக்கத்தில் குறையில்லை. குதிகாலின் மேல்விளிம்பில் விரலால் மெல்லியதாகத் தேய்த்தால் போதும். ஊற்றினால் தோல் தொய்ந்துவிடும். ஒரே இடத்தில் மட்டும் இறுக்கினால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, கட்டை அச்சில் ஏற்றி அந்த இடத்தை அகலப்படுத்தச் சொல்லலாம்.

சாக்ஸும் ஈரமும்

பருத்தி உடம்புக்கு நல்லது என்பதால் சாக்ஸும் பருத்தியில் வாங்குகிறோம். பருத்தி வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். நாள் முழுதும் பூட்ஸ் போடுபவர்களுக்கு, வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழை அல்லது கம்பளி கலந்த சாக்ஸ் மேல். இரண்டு மெல்லிய சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், உரசல் அவற்றுக்கிடையே நடந்து தோல் தப்பிக்கும். அளவு பார்த்தபோதும் அப்படியே இரண்டு போட்டிருக்க வேண்டும்.

வேலை நேரத்தில் ஒளுச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கழுவிய ஈரத்தோடு அவசரமாக சாக்ஸை மாட்டாதீர்கள். பையில் ஒரு சிறு துண்டு வைத்துக்கொண்டு, விரல் இடுக்குவரை துடைத்துவிட்டுப் போடுங்கள். லுஹருக்குப் பிறகு மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி சாக்ஸ் இருந்தால் மிக நல்லது. கொப்புளத்தோடு சேற்றுப்புண்ணுக்கும் இது தடுப்பு.

கொப்புளம் வந்துவிட்டால்

சிறிய கொப்புளத்தை உடைக்காதீர்கள். அதன் மேல்தோலைவிட நல்ல கட்டு எதுவும் இல்லை. ஒரு நாளிலேயே உள்ளே புதுச் செல்கள் பெருகத் தொடங்கி, ஏறக்குறைய 5 நாளில் புதிய மேல்தோல் உருவாகிவிடும். அதுவரை பிளாஸ்திரி போட்டு, வேறு காலணி அணியுங்கள். மிகப் பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால், சோப்பால் கழுவிய கையோடு, கிருமிநீக்கிய புது ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை மட்டும் வெளியேற்றலாம். தோலை உரித்துவிடக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் வேண்டாம்.

சீழ், சுற்றிலும் சிவப்பு, காலில் மேலேறும் சிவப்புக் கோடு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், 1924-இல் சாக்ஸ் இல்லாமல் ஷூ போட்டு டென்னிஸ் ஆடினான். கால்விரலில் கொப்புளம் வந்தது. அதில் புகுந்த கிருமி இரத்தத்தில் கலந்து, ஒரு வாரத்தில் அவன் இறந்துபோனான். பெனிசிலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. இன்று மருந்து இருக்கிறது. காலத்தோடு போனால்தான் அது உதவும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

இதுவரை சொன்னதெல்லாம் வலி தெரிகிற காலுக்கு. சர்க்கரை நோய் பல ஆண்டுகள் இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகக்கூடும். அப்போது ஷூ கடித்தாலும் தெரியாது. 'எனக்கு எந்த ஷூவும் கடிப்பதில்லை' என்று ஒரு பெரியவர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். அவர் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம் வலி தெரியாமல் திரும்பத் திரும்பப் படும் காயங்களே என்று எடுத்துக்காட்டினார். வலி நமக்கு ஒரு காவல் என்பதை உலகுக்கு உணர்த்திய பணி, நம் மாவட்டத்தில் நடந்தது. எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் அடித்தட்டு வைத்த செருப்புகள், உணர்விழந்த பாதங்களுக்கு இன்றும் தரப்படுகின்றன. சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டு அவற்றை வாங்கிக்கொள்ளலாம்.

இவர்கள் புதுக் காலணியை முதலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டாம். கழற்றியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். போடுமுன் காலணிக்குள் கையைவிட்டு, கல்லோ ஆணி முனையோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கொப்புளம் கண்டால் வீட்டில் ஊசி வைக்கவே கூடாது, நேரே மருத்துவமனைதான்.

வீட்டில் பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், இன்றிரவு படுக்கும் முன் அவர் பாதங்களை எடுத்து மடியில் வைத்து, குதிகால், விரல் இடுக்கு, உள்ளங்கால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். நாளையும் செய்யுங்கள்.