விரிசல்

புதுவை நகரின் கடற்கரைச் சாலையில் மேரிக் கட்டடம் என்றொரு மாளிகை நெடுங்காலம் நின்று விளங்கியது. மேரி என்பது நகராட்சி மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகும். 1870, 1871ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பெற்ற அம்மாளிகை, 2014ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், பெருமழைக்கிடையே இடிந்து வீழ்ந்தது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற மாளிகை ஒரே நாளில் வீழ்ந்துவிட்டது எனச் சொல்லத் தோன்றும். ஆனால், கட்டடம் எதுவும் ஒரு நாளில் நலிவதில்லை. பல ஆண்டுகளாக அதனுள்ளே வளர்ந்த நலிவு ஒரு நாளில் வெளிப்படுகின்றது, அவ்வளவே.

மேற்பரப்பில் மட்டும் காண்பது கீறல். உள்ளே இறங்கி வாய் திறப்பது விரிசல். இரு கூறாக்குவது பிளவு. நீண்ட பொருள் இரண்டாவது முறிவு. நம் முன்னோர் இவற்றை வெவ்வேறு சொற்களால் வழங்கினர். ஒன்று மற்றொன்றாக வளர்வது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர் பலர் முயன்றுள்ளனர்.

மாணவர்களே! துணிக் கடையில் நிகழ்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறிது வெட்டுகின்றார்; பின்னர் இரு கைகளாலும் இழுக்கின்றார். துணி நேராகக் கிழிந்துவிடுகின்றது. வெட்டு இல்லாத துணியை எத்துணை வலிந்து இழுப்பினும் அவ்வாறு கிழிவதில்லை. கண்ணாடி அறுப்பவரும் முதலில் மெல்லிய கீறல் ஒன்றையே இடுகின்றார். சிறு குறை ஒன்று பெரும்பொருளின் வலிமையைக் கெடுத்துவிடுகின்றது என்பதற்கு இவை சான்றுகளாம்.

ஒரு பொருளை இழுக்கும்போது, அவ்விசை அதன் குறுக்குப் பரப்பெங்கும் பரவி நிற்கும். ஓரலகு பரப்பில் அமையும் விசையைத் தகைவு என்பர். இடையே ஒரு விரிசல் இருப்பின் அவ்விடத்தின் வழியே விசை செல்ல இயலாது. ஆற்று நீர் பாலத்தூணைச் சுற்றி நெருங்கி ஓடுவதுபோல, விசையும் விரிசலின் முனையைச் சுற்றி நெருங்குகின்றது. அதனால் முனையில் தகைவு பன்மடங்காகின்றது. வட்டமான துளையின் ஓரத்தில் அது ஏறத்தாழ மும்மடங்காகும். துளை நீண்டு கூராகும் அளவிற்கு மேலும் பெருகும். இதனை இங்கிலிசு என்னும் பொறியியல் அறிஞர் 1913ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்.

அங்ஙனமாயின், விரிசலுள்ள பொருள்கள் யாவும் உடனே முறிந்துபோக வேண்டுமன்றோ? அவ்வாறு முறிவதில்லையே! இதன் காரணத்தைக் கிரிபித் என்னும் ஆங்கில அறிஞர் 1921ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆராய்ச்சியில் விளக்கினார். அவர் ஆய்வுக்குக் கொண்ட பொருள் கண்ணாடியேயாகும்.

அவர் கூறிய கருத்தை வரவு செலவுக் கணக்காகக் கொள்ளலாம். விரிசல் நீளும்போது புதிய பரப்புகள் உண்டாகின்றன. அவற்றை உண்டாக்க ஆற்றல் வேண்டும். இது செலவு. இழுபட்ட பொருள் விரிசலின் இருபுறமும் தளரும்போது அதில் அடங்கியிருந்த ஆற்றல் வெளிப்படுகின்றது. இது வரவு. விரிசலின் நீளம் இருமடங்கானால் செலவு இருமடங்காகும்; வரவோ நான்கு மடங்காகும். ஆகவே விரிசல் சிறிதாயிருக்கும்வரை அது தானே வளர்வதற்கு வரவு போதாது. ஓர் எல்லையைக் கடந்தபின் வரவு மிகுந்து, பிறர் உதவியின்றியே விரிசல் ஓடத் தொடங்கும். பல்லாண்டு அடங்கிக் கிடந்த விரிசல் ஒரு நொடியில் பிளவாவது இவ்வாறே.

அவ்வெல்லையை நோக்கி விரிசல் மெல்ல மெல்ல வளர்வதும் உண்டு. ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது. பன்முறை வளைத்து நிமிர்த்தினால் முறியும். இதனை உலோக அயர்ச்சி என்பர். 1954ஆம் ஆண்டில் காமெட் என்னும் வகையைச் சார்ந்த வானூர்திகள் இரண்டு, மூன்று திங்களுக்குள் நடுவானில் சிதைந்து மத்தியதரைக்கடலில் வீழ்ந்தன. அவற்றிற் சென்றோர் அனைவரும் மாண்டனர். அவ்வகை ஊர்தி ஒன்றைப் பெரிய நீர்த்தொட்டியில் வைத்து, அதனுள் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். ஏறத்தாழச் சதுரமான திறப்பின் மூலையிலிருந்து வெடிப்புத் தோன்றி வளர்ந்தமை புலனாயிற்று. பின்னர் வந்த வானூர்திகளின் சாளரங்கள் மூலைகளின்றி வளைவாக அமைக்கப்பட்டன. விரிசலின் முனையில் சிறு வட்டத் துளையிட்டு அதன் கூர்மையைப் போக்கி, ஓட்டத்தைத் தடுப்பதும் பொறியாளர் கையாளும் முறையாகும்.

இனி நம் ஊர்க் கட்டடங்களைக் காண்போம். செங்கல்லும் சுண்ணச்சாந்தும் பாரத்தை நன்கு தாங்கும். இழுவிசைக்கு எளிதில் இடங்கொடுக்கும். அடித்தளம் ஒருபுறம் தாழ்ந்தால் சுவர் இழுபட்டு விரியும். அவ்விரிசலில் மழைநீர் புகுந்து சாந்தை அரிக்கும். அரசின் வித்து விழுந்து வேரோடும். கற்காரைக் கட்டடத்திற்கோ உள்ளிருக்கும் இரும்பே பகையாவதுண்டு. உப்புக்காற்றால் இரும்பு துருப்பிடிக்கும்போது, அத்துரு முன்னிருந்த இரும்பினும் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தை வேண்டும். ஆதலின் காரையை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். கடலோர ஊர்களில் இது பெருந்தொல்லையாகும்.

விரிசல் வளர்கின்றதா, ஓய்ந்துவிட்டதா என அறிய எளிய வழி ஒன்று உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் சாந்தால் பதித்து, அருகே நாளைக் குறித்துவைப்பர். சில திங்கள் கழித்துக் கண்ணாடி உடைந்திருப்பின், விரிசல் இன்னும் வளர்கின்றது என்று அறிந்து, பொறியாளரை அழைப்பர். சுண்ணாம்பு பூசி விரிசலை மறைப்பது நோயை மறைப்பதற்கு ஒப்பாகும்.

மேரிக் கட்டடம் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு, 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்டது. அழிந்ததை மீண்டும் எழுப்புதல் நன்றே. அழியுமுன் காத்தல் அதனினும் நன்று. உங்கள் வீட்டுச் சுவரிலோ பள்ளிச் சுவரிலோ விரிசல் ஒன்றைக் கண்டால், வாளா செல்லாதீர்கள். பெரியோரிடம் கூறுங்கள். செலவு சிறிதாயிருக்கும் காலம் அதுவே.