வாசலில் இடறும் ஓர் அங்குலம்

2006 ஏப்ரலில் சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா ஆகிய ஊர்களை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2015, 2016 ஆண்டுகளிலேயே தம் காணிகளுக்குத் திரும்பின. அப்படித் திரும்பிய இடங்களில் வீடு ஒரே மூச்சில் எழும்புவதில்லை. முதலில் உதவித் திட்டத்தில் ஓர் அறை, போகம் நன்றாய் விளைந்த ஆண்டில் விறாந்தை, பிறகு குசினி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மேசன், ஒவ்வொரு நிலமட்டம். மாபிள் பதிக்கும்போதுதான் இந்த வேறுபாடு கதவு வாசலில் வெளிப்படும்.

ஓர் அங்குலம்தானே என்று விட்டுவிடலாமா? நெல் மூட்டையைச் சுமந்து வருபவருக்குத் தன் காலடி தெரியாது. போரில் காலை இழந்து ஊன்றுகோலுடன் நடப்பவருக்கும், இரவில் எழும்பும் முதியவருக்கும் அது இடுப்பெலும்பு முறிவாகலாம். ஆறு அங்குலப் படியைக் கண் காணும். ஓர் அங்குல மேட்டைக் காணாது.

ஆகவே சீமெந்து வாங்குமுன் மட்டம் பாருங்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் நீர் நிரப்பி, எல்லாக் கதவு நிலைகளிலும் ஒரே மட்டத்தில் பென்சிற்கோடு இடுங்கள். நீரைத் தேக்கி வயலின் மேடுபள்ளம் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கோட்டிலிருந்து நிலம்வரை அளவுநாடாவைப் பிடித்தால், அளவு கூடிய அறையே தாழ்ந்த அறை.

அடுத்து மேசனிடம் ஒன்று கேளுங்கள்: மாபிளின் கீழே என்ன போடப்போகிறார்? சாந்து என்றால் மாபிளோடு சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயரும். பழைய நிலம் சமமாகவும் உறுதியாகவும் இருந்தால், அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டு மாபிள் ஒட்டும் பசையில் பதிக்கலாம். அரை அங்குலமளவில் முடிந்துவிடும். தாழ்ந்த அறைக்குச் சாந்து, உயர்ந்த அறைக்குப் பசை என்று பிரித்தால் பல வாசல்களில் இருபக்கமும் சமமாகிவிடும். பசை விலை கூடியதுதான். ஆனால் அது சில அறைகளுக்கு மட்டுமே. கதவு அறுக்கும் வேலையும் பெரும்பாலும் மிஞ்சும்.

அப்படியும் மீதியாகும் உயரத்தைச் சரிவாக்குங்கள்: ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். கால் அங்குலமே என்றால் விளிம்பை மழுக்கினாலே போதும். மரத்துண்டு வைக்க வேண்டாம், கறையான் விடாது. இரண்டு நிலமும் சேருமிடம் மூடிய கதவின் நேர் கீழே வரட்டும்.

கதவை அடியில் அறுக்க நேர்ந்தால், அறுத்த முகத்துக்குக் கட்டாயம் பெயின்ற் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று தச்சர்கள் விட்டுவிடுவதுண்டு. மாரியில் ஈரம் ஏறுவதும் கதவு ஊதுவதும் அவ்வழியேதான்.

முன்வாசல் வேறு கதை. அங்கே சமப்படுத்தக் கூடாது. வாடைக்காற்றோடு அடிக்கும் மார்கழி மழை விறாந்தையோடு நிற்பதில்லை. உள்நிலம் ஓர் அங்குலமாவது உயர்ந்திருந்தால்தான் அறையில் அடுக்கிய நெல் நனையாது. விறாந்தையும் வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். சக்கர நாற்காலி உள்ள வீடானால், அந்த உயரத்தை நீக்காமல் வாசலின் வெளிப்பக்கத்தில் பன்னிரண்டு அங்குலச் சரிவாகக் கட்டுங்கள். நாற்காலி ஏறும், நீர் வெளியேதான் ஓடும்.